சாம்பார் குடித்த பைன் மரம்

கனகவல்லிக்குத் தெரியாமல் வனராஜி சொசைட்டிக்குள் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட நுழைந்ததில்லை. பூனா பக்கம் சாங்வியில் இருக்கும் அந்தக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் ஒருவர் உண்டுதான். ஆனால் அவர் சம்பளத்துக்குப் பார்க்கிறவர், நடுவில் தூங்கியும் விடுவார். கனகவல்லி ஆசைக்குப் பார்க்கிறவள்.

பார்ப்பதற்கு அவளுக்கு ஓர் இடம் இருந்தது. பி விங் கீழ்த்தளத்தில் அவள் வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பைன் மரம், அதன் அடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே கேட், வலப்பக்கம் லிப்ட் வாசல், தலையைக் கொஞ்சம் தூக்கினால் சேர்மன் சித்ராவ் வீட்டு பால்கனி. யார் யாரோடு வந்தார்கள், யார் யாரோடு வரவில்லை, ஆன்லைனில் எந்த வீட்டுக்கு எத்தனை பெட்டி வந்தது, அதில் எத்தனை திரும்பிப் போனது, எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடக்வாஸ்லா அணைப் பக்கம் "வாக்கிங்" போய்விட்டு வரும் சேர்மன் கையில் ஈரமான செய்தித்தாள் பொட்டலம் இருப்பதும், கேட்டிலிருந்து லிப்ட் வரை அவர் பின்னாலேயே பூனைகள் பக்தியோடு நடப்பதும்கூடத் தெரியும். அதே சேர்மன்தான் சொசைட்டியின் சைவ சத்சங்கத்துக்கும் தலைவர். கனகவல்லி அதை யாரிடமும் சொன்னதில்லை. சில சமாசாரங்களை ஊறுகாய் மாதிரி வைத்திருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

பைன் மரம் பூனாவில் இருக்க வேண்டிய மரம் இல்லை. சொசைட்டியின் முதல் சேர்மன் கடக்வாஸ்லாவில் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த ராணுவக்காரர். இமயமலை ராணிகேத்திலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, நேரே நில் என்று அதற்கு உத்தரவும் போட்டுவிட்டு, வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார். மரம் அந்த உத்தரவை இன்றுவரை மீறவில்லை. மூன்றாம் மாடி உயரத்துக்கு நேராக நிற்கிறது.

இந்த வருஷம் மே மாத வெயிலில் அது பிசின் வடிக்க ஆரம்பித்தது. வடித்தது என்றால் சும்மா இல்லை. சேர்மன் சித்ராவின் புது வெள்ளைக் கார் அதன் கீழேதான் நிற்கும். ஒரு வாரத்தில் அந்தக் கார் மேல் தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பிசின், பிசின் மேல் தூசி, தூசி மேல் காக்கை இறகு, அதன் மேல் எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு பல் வைத்தியர் நோட்டீஸ். சித்ராவ் பெட்ரோல் போட்டுத் துடைத்தார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். மனைவியின் நகப்பூச்சு நீக்கியைப் போட்டதில் பிசின் அப்படியே இருந்தது, பெயிண்ட் போயிற்று.

"மரத்தை வெட்டிவிடலாம்" என்றார் சித்ராவ், பொதுக்கூட்டத்தில். "இவ்வளவு அழுகிற மரம் நோய் பிடித்த மரம். நோய் மரம் என்றால் கார்ப்பரேஷன் அனுமதி கொடுத்துவிடும். அந்த இடத்தில் கல் பாவி பார்க்கிங் ஆக்கிக்கொள்ளலாம்."

"பெஞ்ச்?" என்று கேட்டாள் கனகவல்லி.

"மொட்டை மாடியில் போட்டுவிடலாம் வஹினி. நல்ல காற்று வரும்." வஹினி என்றால் மராட்டியில் அண்ணி. மரியாதையாகக் கழுத்தறுக்கும்போது அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மொட்டை மாடி! அங்கே என்ன தெரியும்? மேகம் தெரியும். மேகத்துக்கு மாமியார் உண்டா, மருமகள் உண்டா, கடன் உண்டா, காதல் உண்டா?  பெஞ்ச் போனால் அவள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்போதுதான் அவள் கணவர் கிருஷ்ணஸ்வாமி எழுந்து நின்றார்.

பிம்ப்ரியில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் வாழ்நாளெல்லாம் வார்னிஷ் கலந்து ரிட்டையர் ஆனவர் அவர். பிசினைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று அன்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்.

"பிசின் மரத்தோட கண்ணீர் இல்லை. மரத்தோட போலீஸ்" என்று ஹிந்தியில் தொடங்கினார். அவர் ஹிந்தி மயிலாப்பூர் வழியாக வரும். எங்கே காயம் பட்டதோ, எங்கே வண்டு துளைத்ததோ அங்கே பிசின் ஓடி வந்து அடைக்கும். அதில் இரண்டு பங்கு. ஒன்று பறக்கிற பங்கு: பைனீன், கேரீன் என்று லேசான சரக்கு. அதுதான் டர்பன்டைன், மூக்கில் ஏறும். இன்னொன்று தங்குகிற பங்கு: அபியெட்டிக் அமிலமும் அதன் பங்காளிகளும். அதுதான் ரோசின், கார் மேல் ஏறும். எது எவ்வளவு என்பதை முதலில் மரத்தின் வம்சம் தீர்மானிக்கும். இமயமலைப் பைனுக்கு ஒரு கணக்கு, ஐரோப்பாப் பைனுக்கு வேறு கணக்கு. அதற்கப்புறம் வயசு, வெயில், வறட்சி, வண்டு, பூஞ்சை, ஆணி.

ஆணி என்றதும் எல்லோரும் சேர்மனைப் பார்த்தார்கள். கணபதி உற்சவத்துக்கு சீரியல் லைட் தொங்கவிட மரத்தில் ஆணி அடித்தவர் அவர்தான்.

"அப்போ நாம வேருக்கு எதாவது மருந்து ஊத்தி நிறுத்த முடியாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேர்ல எதை ஊத்தினாலும் பிசின்ல வராது. மரம் பிசினைத் தானே சமைச்சுக்கறது. வெளியிலேர்ந்து பார்சல் வாங்கறதில்லை" என்றார் கிருஷ்ணஸ்வாமி. இந்த வாக்கியத்தை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு முடிவு. பிசினைப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஏ விங் சியாமளாவின் பெண் தேஜஸ்வினி ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே எதைக் கொடுத்தாலும் அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடும் மெஷின் இருக்கிறது. பைன் பிசினில் இருக்க வேண்டியது மட்டும் இருந்தால் மரம் நிற்கும். ஏதாவது விபரீதம் இருந்தால் மரம் போகும். கூடவே பெஞ்சும்.

மறுநாள் காலை கிருஷ்ணஸ்வாமி லேப் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றில் பட்டன் சேரவில்லை.

"கனகு, ஒரு டப்பா குடு. சின்னதா. மூடி டைட்டா இருக்கணும்."

"எல்லா டப்பாலயும் சாமான் இருக்குன்னா. ஒரு கவர்ல போட்டுண்டு போங்கோளேன்."

"கவர்லயா? சாம்பிள்டி இது. கால் கிலோ ரவைன்னு நினைச்சியா?"

கனகவல்லி அலமாரியைத் துழாவினாள். மேல்தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா காலியாக இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து கட்டிப் பெருங்காயம் வைத்திருந்த டப்பா. சுத்தியலால் உடைக்கக் கை வலிக்கிறது என்று போன வாரம்தான் அவள் தூள் பெருங்காயத்துக்கு மாறியிருந்தாள். சோப்புப் போட்டு அலம்பி, துடைத்து, மோந்தும் பார்த்தாள். வாசனை வரவில்லை. எப்படி வரும்? அந்தச் சமையலறையில் அத்தனை வருஷம் நின்ற மூக்குக்குப் பெருங்காயம் என்பது வாசனைக் கணக்கிலேயே இல்லை, காற்றுக் கணக்கில் இருந்தது. கிருஷ்ணஸ்வாமியின் மூக்கைக் கேட்கவே வேண்டாம். தின்னர் நெடியில் அது அவருக்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டது. பால் தீய்ந்தால்கூட சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

மூடி விளிம்பின் மடிப்பில் ஒட்டியிருந்த பெருங்காயம் சோப்புக்கு மசியவில்லை. கிருஷ்ணஸ்வாமி மரத்துப் பிசினைச் சுரண்டி அதில் போட்டார். டப்பா ஸ்கூட்டர் டிக்கியில் மே மாத வெயிலில் பிம்ப்ரியில் இருக்கும் தேஜஸ்வினியின் லேப் வரை போயிற்று. பெருங்காயமும் ஒரு செடியின் பிசின்தானே. ஒரு பிசினும் இன்னொரு பிசினும் அந்தச் சூட்டில் உறவு கொண்டாடாமல் இருக்குமா?

அடுத்த வாரம் தேஜஸ்வினி பெஞ்சுக்கே வந்தாள். அவள் தமிழ் பூனாவில் பிறந்த தமிழ், பாதி வழியில் ஆட்டோ மாறும்.

"அங்கிள், ஆல்பா பைனீன் இருக்கு, கேரீன் இருக்கு, லாங்கிஃபோலீன் இருக்கு. ஹிமாலயன் சீர் பைன் தான், பர்ஃபெக்ட். பட் ஒண்ணு எக்ஸ்ட்ரா வந்திருக்கு. சல்ஃபர். டைசல்ஃபைட்ஸ். பைன்ல அது வரவே வராது. நான் ரெண்டு வாட்டி ரன் பண்ணி பாத்தேன்."

"எதுல வரும்?"

"மெஷின் வந்து... ஹிங் சொல்லுது அங்கிள். பெருங்காயம்."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கனகவல்லியின் கை நின்றது. கண் முன்னால் டப்பா வந்தது. மூடி வந்தது. மூடியின் மடிப்பும் வந்தது.

"டப்பா கிளீன் தானே அங்கிள்?"

"யாரைப் பாத்து என்ன கேக்கறே? உங்கம்மா ஸ்கூல் போற வயசுல நான் லேப்ல சேர்ந்தவன்." கிருஷ்ணஸ்வாமியின் பார்வை மெதுவாகத் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து இறங்கி மரத்தின் வேருக்கு வந்தது. "கனகு, அரிசி களைஞ்ச ஜலம், சாம்பார்ப் பாத்திரம் அலம்பின ஜலம், ரச வண்டல், இதெல்லாம் நீ எங்க கொட்டறே?"

"இங்கதான். மரத்தடியில. ஏன்னா, அது வந்து, அந்த டப்பா..."

"எத்தனை வருஷமா?"

"வந்ததுலேர்ந்து. நான் என்ன சொல்ல வரேன்னா..."

அவர் கேட்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாண மேடையில்கூடக் கனகவல்லி அதைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். "விபரீதம் வந்துவிட்டது, வெட்டலாம்" என்று சித்ராவ் ஆரம்பித்த வாக்கியம் முடியவே இல்லை. கிருஷ்ணஸ்வாமி பாய்ந்துவிட்டார்.

"வெட்டறதா? உலகத்துல எந்தப் பைன் மரமும் செய்யாததை இது செஞ்சிருக்கு! வருஷக்கணக்கா சாம்பார் குடிச்சு, தன் பிசினோட கலவையையே மாத்திண்டிருக்கு!"

"வேரில் ஊற்றினால் பிசினில் வராது என்று சொன்னீர்களே?" என்றார் சித்ராவ்.

"புஸ்தகம் எழுதினவா யாரும் சாங்விக்கு வந்ததில்லை."

கூட்டம் மூச்சை இழுத்தது. அப்புறம் மொத்தமாக எழுந்து மரத்தடிக்குப் போயிற்று. முகர்ந்தார்கள். ஆமாம், ஹிங் வாசனை வருகிறது என்றார் ஒருவர். போன வருஷமே எனக்கு வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை என்றார் இன்னொருவர். சி விங் யோகா டீச்சர் தண்டோடு முதுகை ஒட்டிச் சற்று நேரம் நின்றுவிட்டு, நெடுநாள் வாயுத்தொல்லை இப்போதுதான் கலைந்த மாதிரி இருக்கிறது என்றார். கூட்டம் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தது. வாட்ஸப் குரூப்பில் மரத்துக்கு மாலை போட்ட படம் வந்தது.

கனகவல்லி மட்டும் முகரவில்லை.

சித்ராவுக்கு இப்போது வேறு ஒரு வருத்தம் முளைத்தது. அவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனசு போகாமல் எழுந்துவிட்டார் என்று அவர் வீட்டு வேலைக்காரம்மா மூலம் தெரிந்தது. மறுநாள் கிருஷ்ணஸ்வாமியை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "நிற்பது மகாராஷ்டிர மண். குடிப்பது மகாராஷ்டிரத் தண்ணீர். பிசினில் மட்டும் மதராஸ் சாம்பாரா? எங்கள் ஆம்டி என்ன பாவம் செய்தது?"

ஆம்டி என்பது அவர்கள் வீட்டுப் பருப்புக் குழம்பு. வெல்லமும் புளியும், கோடா மசாலா என்ற மராட்டி மசாலாப் பொடியும் போட்டது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மரத்துக்கு ஊற்றும் பண்டமா?

"ஊத்திப் பாருங்கோ. விஞ்ஞானத்துல பாரபட்சம் கிடையாது" என்றார் கிருஷ்ணஸ்வாமி.

"பார்க்கிறேன். மழைக்காலம் பிறந்ததும் மறுபடி பரிசோதனை. அதில் கோடா மசாலா வரவில்லை என்றால் இது ஓரவஞ்சனை மரம். வெட்டுவதுதான் நியாயம்."

சேர்மன் வீட்டிலிருந்து தினம் ஒரு சொம்பு ஆம்டி இறங்கியது. சேர்மன் ஊற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? குஜராத்தி வீட்டிலிருந்து கடி என்கிற மோர்க்குழம்பு வந்தது. வங்காளி வீட்டிலிருந்து கடுகு அரைத்த தண்ணீர் வந்தது. பஞ்சாபி வீட்டு ராஜ்மா கெட்டியாக இருந்ததால் வேரில் இறங்காமல் குவிந்து நின்றது. சியாமளா கோயம்புத்தூர்க்காரி, பின்தங்குவாளா?

"கொள்ளு ரசம்ங்க்கா" என்று சொம்பைச் சாய்த்தாள். "மரத்துக்கு ஒடம்பு நல்லா இறுகும் பாருங்க. உங்க சாம்பாரு மட்டும் ரிப்போர்ட்டுல வந்தாப் போதுங்களா?"

"வராம இருந்தாலே எனக்கு நிம்மதி" என்றாள் கனகவல்லி.

"அட, இந்தத் தன்னடக்கந்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதுங்க்கா."

எறும்பு வந்தது. பெருச்சாளி வந்தது. சேர்மன் பின்னால் நடக்கும் பூனைகள் மரத்தடியிலேயே குடி வந்தன. மரத்தின் ஊசியிலைகள் நுனியிலிருந்து பழுப்பாக ஆரம்பித்தன. தண்டில் இதுவரை வடியாத இடத்திலெல்லாம் பிசின் வழிந்தது. "பாத்தியா, உற்சாகத்துல சுரக்கறது!" என்றார் கிருஷ்ணஸ்வாமி. மரம் போலீஸைக் கூப்பிடுகிறது என்று கனகவல்லிக்குத் தெரிந்தது. அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தானே.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் தோசை வார்க்கும்போது ஆரம்பித்தாள்.

"ஏன்னா, ஒருவேளை அந்த டப்பாவுலயே ஏதாவது இருந்திருந்தா?"

"டப்பாவை நீ அலம்பினியா, இல்லையா?"

"அலம்பினேன்."

"சரியா அலம்பினியா?"

 சரியாக அலம்பவில்லை என்று தன் வாயால் சொல்லவா? அதைவிட, காலையில் தலை வாரும்போது அவர் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். ரிட்டையர் ஆனதிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. இன்னொன்றும் இருந்தது. டப்பா என்று சொன்ன அந்த நிமிஷமே மரம் சாதாரண மரமாகிவிடும். சாதாரண மரத்தைச் சித்ராவ் காலையில் வெட்டிவிட்டு மத்தியானம் கார் நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் மரம் ராஜ்மாவில் செத்துப் போகும். சாகாவிட்டாலும், கோடா மசாலா இல்லாத ரிப்போர்ட் வந்து வெட்டிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பெஞ்ச் மொட்டை மாடிக்குத்தான் போகிறது.

"அலம்பினேன்" என்றாள் மறுபடி.

சொசைட்டியின் சரித்திரத்திலேயே பெரிய சமாசாரம் அவள் ஒருத்தியிடம் இருந்தது, அதை அவளால் வெளியே விட முடியவில்லை. வயிறு உப்பிக்கொண்டது. பெருங்காயம் போட்ட மோர் குடித்தாள். அந்த வாசனையே அவளைப் பார்த்துச் சிரித்தது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மாமி டப்பாவைச் சரியாக அலம்பவில்லை என்பது ஒரு செய்தியா? அதை மதித்து யார் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? செய்தி என்றால் கேட்கிறவனுக்குத் தன் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பயம் வர வேண்டும். டப்பாவைத் திருப்பினாள். மூடியைப் பார்த்தாள். அப்படியே சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் பெஞ்சில் சியாமளா வந்து உட்கார்ந்ததும் கனகவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"சியாமளா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

சியாமளா கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக்கூட வருவாள். "என்ரகிட்டச் சொன்னா கெணத்துல போட்ட மாதிரிங்க்கா. சொல்லுங்."

"அடுத்த ரிப்போர்ட்ல வீடு வீடா தனித்தனியா வரப்போறதாம்."

"என்னங்க வரப்போகுது?"

"யாராத்துல என்ன சமைக்கறா, என்ன சாப்பிடறான்னு. நீ ஊத்தறது கொள்ளு ரசம்தான். ஆனா அந்தச் சொம்புல முந்தி என்ன இருந்ததோ, அதுவும் சேர்ந்து வந்துடுமாம். எத்தனை தேச்சு அலம்பினாலும் மூடி மடிப்புல ஒட்டிண்டிருக்கறது போகாதாம். மரம் அதை உறிஞ்சி, மெஷின்கிட்ட ஒப்பிச்சுடுமாம்."

இதில் பாதி சத்தியம் என்பதால் கனகவல்லியின் குரலில் ஓர் உருக்கம் இருந்தது. அந்த உருக்கம் சியாமளாவை அடித்துப் போட்டுவிட்டது.

"எல்லாமேங்களா?"

"எல்லாம்."

"டாக்டரு சாப்பிடக்கூடாதுன்னு சொன்னதுகூடவா?" சியாமளாவுக்குச் சர்க்கரை. வீட்டில் ஜிலேபிக்குத் தடை.

"அதுதான் முதல்ல வருமாம்."

"கடையில வாங்கிட்டு, வூட்டுல அரைச்சதுன்னு சொல்றதுங்?"

"கடை மசாலாவுக்குத் தனிக் கோடாம்" என்று சொல்லிவிட்டுக் கனகவல்லி தன் சமையலறை ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் சாம்பார்ப்பொடி சிஞ்ச்வட் கடை பாக்கெட் என்பது அவளுக்கும் குப்பைத்தொட்டிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சியாமளா நேரே வீட்டுக்குப் போய்ப் பெண்ணிடம் கேட்டாள்: "ஏன் கண்ணு, உன்ர மெஷினு யாரு வூட்டுல என்ன தின்னாங்கன்னு சொல்லிப்போடுமா?" ஆபீஸ் மீட்டிங்கில் காதில் ஹெட்போனோடு இருந்த தேஜஸ்வினி எரிச்சலோடு சொன்னாள்: "அம்மா, சாம்பிள் டீடெய்ல்ஸ் எல்லாம் கான்ஃபிடென்ஷியல். கேக்காத."

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இருட்டுவதற்குள் சமாசாரம் மூன்று விங்கும் சுற்றி வந்துவிட்டது. வங்காளி வீட்டு வழியாகத் திரும்பி வந்து கனகவல்லியின் கதவையே தட்டியது, "யாரிடமும் சொல்லாதே" என்ற முன்னுரையோடு.

மறுநாள் காலையில் மரத்தடியில் ஒரு சொம்பும் இறங்கவில்லை. யோகா டீச்சர் மண்வெட்டி கொண்டுவந்து, தான் ஊற்றிய முளைகட்டிய பயறுத் தண்ணீர் இருந்த மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பாத்திரத்தில் முந்தின நாள் நூடுல்ஸ் இருந்திருக்க வேண்டும். வெங்காயமே சேர்க்காத குஜராத்தி வீட்டில் வெங்காயம் பற்றிப் பெரிய சண்டை கேட்டது.

சித்ராவ் பெஞ்சுக்கே வந்தார். பூனைகளும் வந்தன.

"வஹினி, இந்த இரண்டாவது பரிசோதனை அவசியம்தானா?"

"நீங்கள்தானே கேட்டீர்கள் பாவு சாஹேப்? கோடா மசாலா வர வேண்டும் என்று." பாவு என்றால் மராட்டியில் அண்ணன். கனகவல்லி பூனைகளைப் பார்த்தபடி சொன்னாள். "வரும். அதோடு ஞாயிற்றுக்கிழமையும் வரும்."

அவர் முகம் ஆம்டி நிறத்திலிருந்து மோர் நிறத்துக்கு வந்தது. "அப்படியானால் பேசாமல் இன்றைக்கே வெட்டிவிட்டால்?"

"அடடா. வெட்டினால் கட்டை கார்ப்பரேஷன் லாரியில் போகும். கட்டைக்குள் பிசின் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அங்கே யார் கையில் போய், எந்த மெஷினில் ஏறுமோ! இங்கேயே நம் கண் முன்னால் நின்றால் நமக்கும் ஒரு பாதுகாப்பு."

சித்ராவ் மரத்தை உச்சி முதல் அடி வரை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். கனகவல்லிக்கா, மரத்துக்கா என்பது தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில், மரத்தை வெட்டுவதில்லை, பரிசோதிப்பதும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம். வனராஜியில் எதுவும் ஏகமனதாக நிறைவேறியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் டேங்க் கழுவுவதற்கே அங்கே எதிர்ப்பு ஓட்டு விழும். சித்ராவ் காரைப் பின்பக்கம் ஜெனரேட்டர் அருகில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். கிருஷ்ணஸ்வாமிக்குத்தான் ஏமாற்றம். விஞ்ஞானம் தோற்றுவிட்டது என்று இரண்டு வேளை மௌனமாகச் சாப்பிட்டார். "அரிய மரம். எதையும் ஊற்றாதீர்கள்" என்று மராட்டியில் ஒரு பலகையும், கீழே "ஆலோசனை: கிருஷ்ணஸ்வாமி" என்று சின்ன எழுத்தும் வந்ததும் பாட்டு திரும்பிவிட்டது.

மழை பிடித்தது. ராஜ்மா கரைந்து போயிற்று. மரத்தின் உச்சியில் பச்சையாகப் புது ஊசிகள் கிளம்பின. பெஞ்ச் இருந்த இடத்தில் இருந்தது. கனகவல்லி ஜெயித்துவிட்டாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் ஜெயித்த களைப்போடு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சியாமளா தூரத்தில் நின்று, வா வா என்று கையால் கூப்பிட்டாள்.

"ஏன், இங்க வந்து உக்காரேன்."

சியாமளா கிட்டத்தில் வந்து காதோடு சொன்னாள்: "வேண்டாம்ங்க்கா. மரம் கேக்குது."

"என்னது?"

"பேசறதுகூடப் பிசின்ல ஏறுதாமுங்க. வாயிலிருந்து வர்ற ஆவி, காத்து, அதெல்லாம் படிஞ்சு... அந்த யோகா டீச்சர் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா? நான் கெளம்பறேன்ங்க்கா." இத்தனையையும் உதடு அசையாமல் சொல்லிவிட்டு, மரத்துக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் விட்ட சமாசாரம்தான். மூன்று விங்கிலும் சுற்றி, நடுவில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து, இப்போது அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் வேறு யாருக்கும் இடமில்லை.

அப்போதுதான் கேட் திறந்தது. ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சேர்மன் சித்ராவின் மகன். பின்னாலிருந்து இறங்கியது சியாமளாவின் பெண் தேஜஸ்வினி. இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கவில்லை. ஹெல்மெட்டோடு சேர்த்துக் கையைப் பிடித்துக்கொண்டான். கொள்ளு ரசமும் ஆம்டியும்! கனகவல்லி எழுந்தே விட்டாள். வருஷத்தின் மிகப் பெரிய சமாசாரம், முதல் வரிசையில், அவள் கண் முன்னால். பக்கத்தில் திரும்பினாள். காலி பெஞ்ச்.

மரத்தைப் பார்த்தாள். இதனிடமாவது சொல்லலாமே. எத்தனை சாம்பார் ஊற்றியிருக்கிறோம். வாயைத் திறந்தாள்.

மேலேயிருந்து ஒரு சொட்டுப் பிசின் அவள் புறங்கையில் விழுந்தது. சூடு இல்லை, கனம் இல்லை. ஆனால் கவனமாக விழுந்த மாதிரி இருந்தது.

கனகவல்லி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிசினைத் துடைத்தாள். கிருஷ்ணஸ்வாமி ஊஞ்சல் பலகையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கனகு, வெளியில ஏதாவது விசேஷம் உண்டா?"

 சமையலறைக்குப் போய் மரத்தைப் பார்த்திருக்கும் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி போட்டாள். திரையையும் இழுத்துவிட்டாள்.

"ஏண்டி சாத்தறே? இப்பத்தான் கொஞ்சம் காத்து வர்றது."

"உஷ். மெதுவாப் பேசுங்கோ" என்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் கனகவல்லி. "இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."